மாஜோங் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியில் ஒரே படமுள்ள இரண்டு காய்களைத் தொட்டு நீக்கும் விளையாட்டைத்தான் பலரும் மாஜோங் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது 1981-இல் பிராடி லாக்கார்ட் என்ற அமெரிக்கர் கணினிக்காக எழுதிய தனியாள் ஆட்டம். மாஜோங்கிலிருந்து அது எடுத்துக்கொண்டது காய்களை மட்டுமே. உண்மையான மாஜோங் 19-ஆம் நூற்றாண்டில் சீனாவில் உருவானது. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. கைபேசி ஆட்டத்தில் கிடைத்த பழக்கம் அங்கே எதற்கும் உதவாது.

ரம்மி தெரிந்தவர்களுக்கு அடிப்படை சட்டென்று பிடிபடும். கையில் 13 காய்கள். ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். 14-ஆவது காயோடு நான்கு செட்டும் ஒரு ஜோடியும் அமைந்தால் வெற்றி. செட் என்பது ஒரே மாதிரியான மூன்று காய்கள், அல்லது ஒரே வகையில் அடுத்தடுத்த மூன்று எண்கள். வட்டம், மூங்கில், எழுத்து என்ற மூன்று வகைகளில் 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு காய்கள். இவற்றோடு கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற நான்கு காற்றுகளும் மூன்று டிராகன்களும், அவையும் நான்கு நான்காக, சேரும்போது மொத்தம் 136. காற்றையும் டிராகனையும் தொடராக அடுக்க முடியாது. மூங்கில் வகையின் 1-இல் மூங்கிலுக்குப் பதில் ஒரு பறவை இருக்கும். புதியவர்கள் அதைத் தனிக் காய் என்று நினைத்து வீசிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த ரம்மிப் பழக்கமே மிகப் பெரிய தவறுக்கும் கொண்டுபோய்விடுகிறது. ரம்மியில் திறந்த சீட்டை எடுத்தால் அது உங்கள் கைக்குள் போய்விடும். பிறகு மனம் மாறலாம். மாஜோங்கில் பிறர் போட்ட காயை எடுத்தால், அந்த செட்டை அப்போதே எல்லாரும் பார்க்கும்படி மேசையில் வைக்க வேண்டும். அதன்பின் கலைக்க முடியாது. ஆகவே கிடைக்கிற காயையெல்லாம் "போங்!", "சோவ்!" என்று பாய்ந்து எடுப்பவர், நாலைந்து சுற்றுக்குள் தன் திட்டத்தைப் பிறருக்குக் காட்டிவிட்டு, தானும் மாற வழியில்லாமல் நிற்கிறார். எடுப்பதிலும் வேறுபாடு உண்டு. ஒரே மாதிரி மூன்று சேர்க்கும் போங்குக்கு யார் போட்ட காயையும் கேட்கலாம். தொடருக்கான சோவ், இடப்பக்கம் இருப்பவர் போட்டதற்கு மட்டும். இருவர் ஒரே காயைக் கேட்டால் போங்குக்கே முன்னுரிமை. நான்கு ஒரே காய் சேர்ந்து காங் சொன்னவர், சுவரின் (எடுப்பதற்காகக் கவிழ்த்து அடுக்கிய காய்களின்) கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு காய் எடுத்தாக வேண்டும். அதை மறந்தால் கையில் ஒன்று குறையும். அந்தச் சுற்றில் வெல்லவே முடியாது.

அவசரப்பட்டுக் காய் எடுப்பதன் முழு விலையையும் ஜப்பானிய ரீச்சி மாஜோங்கில்தான் கொடுக்க நேரும். அங்கே நான்கு செட்டும் ஒரு ஜோடியும் போதாது. 'யாகு' எனப்படும் தகுதிகளில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். எதையும் திறக்காத கைக்கு எளிய வழி இருக்கிறது: இன்னும் ஒரே காய் தேவை என்ற நிலை வந்ததும் 1,000 புள்ளி வைத்து "ரீச்சி" என்று அறிவித்தால் அதுவே ஒரு யாகு. வட்டத்தில் 1-2-3 என்று ஒரு சோவ் எடுத்துத் திறந்துவிட்டவருக்கு அந்த வழி மூடிவிடும். வேறு யாகு இல்லையென்றால், அவர் கை நிறைந்திருக்கும், வெற்றி மட்டும் செல்லாது. 'தோரா' என்ற கூடுதல் மதிப்புக் காய்கள் எத்தனை இருந்தாலும் அவை யாகு ஆகாது. இதைப் புதியவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அதே ஆட்டத்தில் 'ஃபுரிடென்' என்றொரு விதி. நீங்கள் காத்திருக்கும் காய்களில் ஒன்றை முன்பே நீங்களே போட்டிருந்தால், பிறர் போடும் காயால் வெல்ல முடியாது; நீங்களே சுவரிலிருந்து எடுத்தால்தான் உண்டு. ஹாங்காங்கில் வேண்டாத காய்களை மேசை நடுவில் குவியலாகப் போடுவது வழக்கம். ஜப்பானில் அவரவர் முன்னால் வரிசைக்கு ஆறாக அடுக்குவார்கள். யார் எதை எப்போது போட்டார் என்பது கண்ணெதிரே கிடப்பதால்தான் இந்த விதி சாத்தியமாகிறது. தற்காப்பும் இங்கிருந்தே பிறக்கிறது: ஒருவர் ஏற்கெனவே போட்ட காய் அவருக்கு எதிராக முழுப் பாதுகாப்பு. காயைப் போட்டு இன்னொருவரை வெல்லவைத்தவர் அந்தப் புள்ளிகள் முழுவதையும் தனியாகக் கட்ட வேண்டும் என்பதால், தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஆடுபவர் விரைவில் காலியாகிவிடுவார். எதிராளி ரீச்சி சொன்ன பிறகு உங்கள் கை பாதிகூட ஆகவில்லை என்றால், அதைக் கலைத்துப் பாதுகாப்பான காய்களாகப் போடுங்கள். அது கோழைத்தனம் அல்ல.

எந்த ஊர் ஆட்டத்துக்கும் பொருந்தும் கணக்கு ஒன்று உண்டு. 4-5 வைத்திருப்பவர் 3-க்கும் 6-க்கும் காத்திருக்கிறார், எட்டுக் காய்கள். 4-6 வைத்திருப்பவருக்கு 5 மட்டும், நான்கு. 1-2 வைத்திருப்பவருக்கும் 3 மட்டும், நான்கு. எதைக் கலைப்பது என்று குழம்பும்போது எட்டைக் கலைத்து நான்கைக் காப்பாற்றாதீர்கள்.

ஓர் ஊரில் கற்றதை இன்னோர் ஊர் மேசைக்கு அப்படியே கொண்டுபோவதும் பெரிய தவறு. ஹாங்காங் மேசைகள் பலவற்றில் மூன்று 'ஃபான்' (அங்கே கையின் மதிப்பை எண்ணும் அலகு) இல்லாமல் வெல்ல முடியாது. 1998-இல் வகுக்கப்பட்ட சீனப் போட்டி விதிகளில் குறைந்தது 8 புள்ளி தேவை. செட்டில் சேராத கூடுதல் காய்களான பூக்காய்களின் புள்ளி அந்த எட்டில் சேராது. தைவானில் கையில் 16 காய்கள், வெல்ல ஐந்து செட். சிச்சுவானில் காற்றும் டிராகனும் கிடையாது, வெறும் 108 காய்கள்தான். சோவ் இல்லை, மூன்று வகைகளில் ஒன்றை முழுவதுமாகக் கழித்தாக வேண்டும். ஒருவர் வென்றவுடன் ஆட்டம் முடிந்துவிட்டதென்று அங்கே எழுந்துவிடாதீர்கள். பரவலாக ஆடப்படும் முறையில் மூன்று பேர் வெல்லும்வரை தொடரும். சிங்கப்பூர் காய்ப்பெட்டியில் எட்டுப் பூக்காய்களோடு பூனை, எலி, சேவல், பூரான் என நான்கு விலங்குக் காய்களும் சேர்ந்து மொத்தம் 148 ஆகும். பூனையும் எலியும் ஒருவரிடமே சேர்ந்தால் கை முடியும்வரை காத்திருக்காமல் உடனே பணம் கைமாறும்.

அமெரிக்க ஆட்டம் எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. எட்டுப் பூக்காய்கள், எட்டு ஜோக்கர்களோடு 152 காய்கள். 1937-இல் தொடங்கிய நேஷனல் மாஜோங் லீக் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டையில் அச்சிட்ட கைகளில் ஒன்றை அப்படியே அமைத்தால்தான் வெற்றி. போன ஆண்டு அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு உட்காருபவர் முதல் கையிலேயே மாட்டிக்கொள்வார். ஜோடிக்கு ஜோக்கர் செல்லாது. ஆட்டத்துக்கு முன் மும்மூன்று காய்களாகப் பரிமாறிக்கொள்ளும் 'சார்ல்ஸ்டன்' சுற்றிலும் ஜோக்கரைத் தள்ளிவிடக் கூடாது.

எதில் தொடங்குவது என்று கேட்டால், ஹாங்காங் முறை என்பேன். புள்ளிப் பட்டியல் சிறியது, கவனம் காய்களில் நிற்கும். அதையே பல வாரங்கள் ஆடிக் கை பழகிய பிறகு ரீச்சிக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். புதிய மேசையில் உட்காரும்போது, காய்களைக் கலக்குவதற்கு முன்பே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: வெல்லக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், பூக்காய்கள் உண்டா, காய் போட்டவர் மட்டும் கட்டுவாரா அல்லது எல்லாருமா. இருக்கையையும் சரிபாருங்கள். காற்றுகளின் பெயர் கொண்ட நான்கு இருக்கைகளில், கிழக்குக்கு வலப்பக்கம் தெற்கு உட்காருவார். வரைபடத்தில் பழகிய திசைகளுக்கு இது நேர்மாறு. இதில் தவறினால் எந்தக் காற்று உங்களுடையது என்பதே மாறி, கணக்கு முழுவதும் பிசகிவிடும்.