சர்ச் காயில் வாங்கும்போது ஆழத்துக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும்?

மெட்டல் டிடெக்டர் வாங்கி நாலைந்து மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: இதைவிடப் பெரிய காயில் (கருவியின் அடியில் மண்ணை ஒட்டி வீசும், கம்பிச் சுருள் அடங்கிய தட்டு) மாட்டினால் இன்னும் ஆழத்தில் இருப்பது கிடைக்குமே! எனக்கும் வந்தது. கூடவே வந்த 11 அங்குலக் காயிலைக் கழற்றி வைத்துவிட்டு 15 அங்குல டபுள்-டி ரகக் காயில் ஒன்றை மாட்டிக்கொண்டு, இடிந்த வீடு ஒன்று இருந்த மனையில் இறங்கினேன். ஆணி, தகரம், கம்பித் துண்டு என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இரைச்சல். எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் தோள் வலிதான் மிச்சம்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, காயில் இரண்டு மடங்கு ஆனால் ஆழம் இரண்டு மடங்கு ஆகாது என்பது. காயில் அனுப்பும் காந்தப்புலம் ஓரளவு தூரத்துக்கு அப்பால் தூரத்தின் மூன்றாம் படி கணக்கில் மங்கும். பொருளிலிருந்து திரும்பி வரும் சிக்னலும் அதே கணக்கில் மங்கும். அதாவது ஆழம் இரட்டித்தால் சிக்னல் 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பெரிய காயில் இந்தச் சரிவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதுவும் பொருள் பெரிதாக இருந்தால்தான். மெல்லிய மோதிரமோ அரிசி அளவு தங்கத் துணுக்கோ பெரிய காயிலுக்கு அடியில் கிடந்தால், அகலமாகப் பரவிய புலத்தில் அதன் பங்கு மிகச் சிறியது. 6 அங்குலக் காயில் தெளிவாகச் சொல்லும் துணுக்கை 15 அங்குலம் கண்டுகொள்ளாமலே கடந்து போகும்.

அக்கம்பக்கத்து உலோகம் கருவியைக் குழப்புவது பழைய கதை. 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய தோட்டாவைத் தேட கிரகாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். கட்டில் மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்களும் அந்தத் தேடலைக் கெடுத்தன என்பார்கள். குப்பை நிறைந்த இடத்தில் பெரிய காயிலோடு நிற்பவருக்கும் அதே கதிதான். பெரிய காயில் உதவுவது திறந்த, சுத்தமான வயல்வெளியில். அங்கே ஒரு வீச்சில் அதிக இடத்தைப் பார்த்துவிடலாம்.

அடுத்த தவறு, காயில் ரகங்களில் டபுள்-டி புதியது, கான்சென்ட்ரிக் பழையது, ஆகவே டபுள்-டிதான் எப்போதும் மேல் என்று முடிவு கட்டுவது. இரண்டும் மண்ணைப் பார்க்கும் விதமே வேறு. கான்சென்ட்ரிக்கில் வெளி வளையம் அனுப்பும், உள் வளையம் வாங்கும். அது பார்க்கும் பகுதி கீழே போகப் போகக் குவியும், கவிழ்த்த கூம்பு மாதிரி. பொருள் நடு மையத்தில் வரும்போது சத்தம் உச்சத்துக்குப் போவதால், தோண்ட வேண்டிய இடம் துல்லியமாகத் தெரியும். இரும்புப் பாட்டில் மூடியை இரும்பு என்று அடையாளம் காட்டுவதிலும் பெரும்பாலும் இதற்கே கை ஓங்கியிருக்கும். சாதுவான மண்ணில் இதை வைத்துக்கொண்டு தாராளமாகத் தேடலாம்.

மண் சாதுவாக இல்லாவிட்டால்தான் சிக்கல். மண்ணிலுள்ள காந்தத் தாதுக்களும் பதில் சிக்னல் கொடுக்கும். கான்சென்ட்ரிக் ஒரே நேரத்தில் நிறைய மண்ணைப் பார்ப்பதால் அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போகும். டபுள்-டியில் இரண்டு டி வடிவச் சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். காயிலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் அந்த ஒடுங்கிய பட்டைதான் அதன் கண். கத்தி அலகு போல மண்ணைக் கீறிப் பார்ப்பதால் மண்ணின் இரைச்சல் குறையும், ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நாணயத்தையும் பிரித்துச் சொல்லும். இதற்கும் ஒரு விலை உண்டு: தட்டையான இரும்பு மூடி பல நேரம் நல்ல நாணயம் போலப் பாடும். சந்தேகம் வந்தால் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். கருவியின் திரையில் காட்டும் எண் தாவினாலோ சத்தம் உடைந்தாலோ பெரும்பாலும் இரும்புதான்.

உங்கள் மண் எந்த ரகம் என்று நிறத்தை வைத்துச் சொல்லாதீர்கள். செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவது பெரும்பாலும் ஹெமடைட் என்ற இரும்புத் தாது. அதன் காந்தத்தன்மை குறைவு. தொல்லை தருபவை மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற வேறு இரண்டு இரும்புத் தாதுக்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மண்ணில் இழுத்துப் பாருங்கள். கருந்துகள்கள் தாடி போல ஒட்டிக்கொண்டு வந்தால் டபுள்-டியை எடுங்கள்.

கான்சென்ட்ரிக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடியில் கூம்பு குவிந்துவிடுவதால், அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் தடத்தின்மேல் காயிலின் பாதி அகலமாவது படிந்து வர வேண்டும். இல்லாவிட்டால் ஆழத்தில் பார்க்காத கோடுகள் விட்டுப்போகும்.

மோனோ காயில் பற்றிய குழப்பம் தனி. ஒரே சுருள் அனுப்பவும் வாங்கவும் செய்யும் இது பல்ஸ் இண்டக்ஷன் கருவிகளுக்கானது. அந்தக் கருவி ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதால் ஒரே சுருள் போதும். சாதாரண விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) கருவி அனுப்பிக்கொண்டே கேட்கிறது, அதற்குத் தனித்தனிச் சுருள் வேண்டும். தங்கம் தேடுபவர்கள் மோனோவை விரும்புவது ஆழத்துக்காக. மண் மிகவும் முரண்டு பிடித்தால் அவர்களும் டபுள்-டிக்கு மாறிவிடுவார்கள்.

பிளக் பொருந்திவிட்டது என்பதால் காயில் பொருந்தும் என்று நினைத்துப் பணத்தை இழப்பவர்கள் நிறைய. காயில் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு இசைவாக்கப்பட்டது. சில கருவிகளில் காயிலுக்குள்ளேயே சிப் இருக்கும், தெரியாத காயிலை அவை ஏற்காது. மாடல் பெயரையும் அதிர்வெண்ணையும் சரிபார்க்காமல் பழைய காயில் வாங்க வேண்டாம். காயில் நீர்புகாது என்று போட்டிருந்தால் அது காயிலுக்கு மட்டுமே. கட்டுப்பாட்டுப் பெட்டியும் நனையலாமா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

வாங்கியதும் வீட்டுக்குள் நாணயத்தைக் காற்றில் ஆட்டி ஆழம் அளக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மண்ணே இல்லாத இடத்தில் மண்ணுக்கான காயிலை எப்படி எடைபோடுவது? போதாததற்கு வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் வேறு. பெரிய காயில் அதை இன்னும் அதிகமாக வாரிக்கொள்ளும். மின்கம்பிகளுக்கு அருகில் வெளியிலும் இதே கதைதான். சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைத்தால்தான் கருவி அடங்கும், அப்போது காசு கொடுத்து வாங்கிய ஆழம் கைவிட்டுப் போகும். சரியான சோதனை இதுதான்: தேடும் இடத்தில் நான்கைந்து மங்கலான சிக்னல்களைத் தோண்டாமல் குச்சி நட்டு வையுங்கள். காயிலை மாற்றி, மறுபடி கிரவுண்ட் பேலன்ஸ் செய்து (மண்ணின் சிக்னலைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிக்கட்டி), அதே இடங்களை வீசுங்கள். எது தெளிவாகக் கேட்கிறதென்று காதே சொல்லிவிடும்.

புதுக் காயில் காரணமில்லாமல் கத்தினால் அதைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். தண்டில் இறுகச் சுற்றாமல் தொங்கினால் ஆடும்போதெல்லாம் பொய்ச் சத்தம் வரும். காயிலின் அடியில் மாட்டும் பாதுகாப்பு உறைக்குள் புகுந்த கருமணலும் அப்படித்தான், கழற்றிக் கழுவினால் அடங்கிவிடும்.

இரண்டாவது காயில் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 5 அல்லது 6 அங்குலம். என் 15 அங்குலம் வருடத்தில் இரண்டு முறை வெளியே வந்தால் அதிகம்.