பழைய லெகோ ரயில் வாங்கும்போது தண்டவாளத்தைப் பாருங்கள்

துண்டுகளைப் பொருத்திக் கட்டும் பழைய லெகோ பொம்மை ரயில் செட்டை வாங்கி விற்க நினைப்பவர்கள் பெட்டியின் அழகில் மயங்காமல் முதலில் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். 1991-இல் வந்த 9 வோல்ட் ரயில்களுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் மேலுள்ள உலோகத் தகடு வழியாகத்தான் போகும். 2006 முதல் வந்த புதிய வகை ரயில்களின் தண்டவாளம் வெறும் பிளாஸ்டிக். அளவு ஒன்றே என்பதால் இரண்டையும் கலந்து விற்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் துண்டில் ஏறியதும் 9 வோல்ட் எஞ்சின் நின்றுவிடும். உலோகத் தண்டவாளத்தையும் 9 வோல்ட் மோட்டாரையும் லெகோ இப்போது தயாரிப்பதில்லை. அதனால் அவற்றைத் தனியாக விற்றாலே நல்ல விலை வரும்!

தகடு கறுத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். மோட்டாரை ஓட்டிக் காட்டும் வீடியோ கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

விலை விஷயத்தில் விற்பவர் கேட்கும் தொகையை நம்ப வேண்டாம். லெகோ பொருட்களை வாங்கி விற்கும் பிரிக்லிங்க் இணையதளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் விற்ற விலை இருக்கும். கட்டும் முறைப் புத்தகம் இல்லையென்றால் கவலை இல்லை. பல செட்டுகளுக்கு லெகோ தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் பேரம் பேசுங்கள்.