மவுண்டன் பைக்கின் பின் சஸ்பென்ஷன் பேரிங்குகளை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

மேடு பள்ளத்தில் இறங்கும்போது சீட்டுக்குக் கீழே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். செயினைப் பார்த்தாயிற்று, சீட் போஸ்ட்டை இறுக்கியாயிற்று, சத்தம் மட்டும் போகவில்லை. பின் சஸ்பென்ஷன் உள்ள பைக் என்றால் பிவட் பேரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப் பட்டறைகளில் பால்ரஸ் என்பார்களே, அதே சங்கதிதான். ஃபிரேமின் பின்பாகம் மேலும் கீழும் மடங்குகிற ஒவ்வொரு மூட்டிலும் இந்தச் சின்ன பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும்.

சக்கரத்தில் இருக்கும் பேரிங் முழுச்சுற்று சுற்றும். பிவட்டில் இருப்பதோ சில பாகை மட்டும் இப்படியும் அப்படியும் அசையும். அதனால் குண்டுகள் வளையத்தில் திரும்பத் திரும்ப ஒரே இடத்திலேயே அழுந்தி அங்கே குழி விழுகிறது. கிரீஸும் பரவாது. இதில் தண்ணீரும் சேறும் சேர்ந்தால் துரு பிடித்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்களுக்குக் காரணம் தானாகப் புரியும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒரு நண்பர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அதிர்ச்சி தாங்கும் ஷாக்கின் இரண்டு முனையில் இருக்கும் புஷ் (போல்ட் நுழையும் சின்னக் குழல்) தேய்ந்தாலும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் லூசானாலும் இதே ஆட்டம் வரும். அதனால் அவற்றையும் பார்த்துவிட்டு, பிவட் போல்ட்டுகள் சரியான அளவுக்கு இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்புறம் ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பின்பாகத்தைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். கரகரவென்று மண் அரைபடுவதுபோல் இருந்தாலோ, நடுவில் எங்காவது சிக்கினாலோ மாற்றியே ஆக வேண்டும்.

பேரிங் வாங்கும்போது அதன் மூடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 6900 என்றால் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிமன் 6. 6902 என்றால் 15, 28, 7. 6802 என்றால் 15, 24, 5. எஸ்கேஎஃப் போன்ற கம்பெனிகள் இதே 6902-ஐ 61902 என்று எழுதும், குழம்ப வேண்டாம். எண் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்துகொள்ளலாம். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உண்டு என்பது அதன் பொருள். மோட்டாருக்கும் பம்ப்செட்டுக்கும் பேரிங் விற்கிற கடைகளில் இந்த அளவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் கிடைத்தால் 'மேக்ஸ்' வகையையே வாங்கச் சொல்வேன். அதில் குண்டுகளைப் பிரித்துவைக்கும் கூடு கிடையாது. அந்த இடத்திலும் குண்டுகளே இருப்பதால் கூடுதல் பாரம் தாங்கும். வேகமாகச் சுற்றுவதற்கு அது ஏற்றதல்ல, பிவட்டில் அந்த வேலையே இல்லையே.

ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச்), பல அளவு சாக்கெட்டுகள், ஒரு அடி நீளத்துக்கு திரெட் ராட் (மரை போட்ட கம்பி), அதற்கேற்ற நட்டும் தடித்த வாஷரும், தண்ணீர் தாங்கும் கிரீஸ், போல்ட் தானாகக் கழலாமல் பிடித்துவைக்கும் நீல நிற திரெட்லாக்கர் (லாக்டைட் 243 போல) இவ்வளவும் தேவை. 10 மி.மீ. துளைக்கு எம்8 ராட் போதும்.

இனி கழற்றலாம். பின்சக்கரத்தை எடுத்து, டீரெய்லரையும் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) பிரேக் காலிப்பரையும் அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிடுங்கள். ஷாக்கை எடுங்கள். சில பைக்குகளில் முதன்மை பிவட்டைத் தொட பெடல் மாட்டியிருக்கும் கிராங்கையும் கழற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பும் ஒரு போட்டோ எடுங்கள். போல்ட்டுகளின் நீளம் மாறும், இடையில் இருக்கும் மெல்லிய வாஷர்களுக்கும் எந்தப் பக்கம் உள்ளே என்ற கணக்கு உண்டு. நான் ஒரு அட்டையில் பைக்கை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு போல்ட்டையும் வாஷரையும் செருகி வைத்துவிடுவேன்.

பழைய பேரிங்கை வெளியேற்ற, ஒரு பக்கம் பேரிங்கைவிடச் சிறிய சாக்கெட், மறுபக்கம் பேரிங் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட், நடுவே ராட். நட்டை இறுக்க இறுக்க அது மெதுவாக நகர்ந்து பெரிய சாக்கெட்டுக்குள் வந்துவிடும். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். பின்னாலிருந்து தள்ள வழியில்லாத இடம் என்றால் பேரிங் புல்லர் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஃபிரேமில் கீறல் விழும், அதைச் சரிசெய்யவே முடியாது. பிறகு துளையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கீறல், வெடிப்பு, துருக்கறை எதுவும் இருக்கக் கூடாது. புதிய பேரிங் விரலால் தள்ளினாலே உள்ளே போகிறது என்றால் துளை தேய்ந்துவிட்டது. அப்போது பேரிங்கைப் பிடித்துவைக்கும் தனி ரசாயனம் தேவைப்படும். அந்த நிலைக்கு வந்திருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

புதியதை ஏற்றும் முன் ஒரு சின்ன வேலை. மெல்லிய ஊசியால் சீலின் உள்விளிம்பை லேசாக நெம்பித் திறந்து, பேரிங் நிறைய கிரீஸ் அடைத்து விரலால் மூடுங்கள். சக்கர பேரிங்கில் இப்படி முழுக்க நிரப்ப மாட்டார்கள். பிவட்டில் இதுதான் தண்ணீருக்குத் தடுப்பு.

அடுத்ததுதான் மொத்த வேலையிலும் முக்கியமானது. உள்ளே அழுத்தும்போது பலம் பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த பலம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும், பூட்டும்போதே குழி விழுந்துவிடும். முதல் முறை நான் கைக்குக் கிடைத்த சின்ன சாக்கெட்டை வைத்து அழுத்தினேன். இரண்டே மாதத்தில் புது பேரிங் பழையதைப் போலவே கரகரத்தது. வெளி வளையத்தின் மேல் சரியாக உட்காரும் சாக்கெட் இல்லையென்றால், கழற்றிய பழைய பேரிங்கின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் உரசிச் சிறிதாக்கிப் புதியதன் மேல் வைத்து அழுத்தலாம். அல்லது லேத் பட்டறையில் அளவு சொல்லி வளையம் கடைந்து வாங்கலாம்.

அலுமினிய ஃபிரேம் என்றால் பேரிங்கைக் காற்றுப் புகாத பையில் போட்டு இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். துளையை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பேரிங் எளிதாக இறங்கும். கார்பன் ஃபிரேமுக்குச் சூடு காட்டவே கூடாது. சுத்தியல் எந்த ஃபிரேமுக்கும் வேண்டாம். துளையில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, பேரிங்கை நேராக வைத்து, நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். சாய்ந்தால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். அடியில் போய் முட்டியதும் ரெஞ்ச் சட்டென்று கனக்கும், அதற்கு மேல் திருப்பாதீர்கள். விரலை விட்டு உள் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். கிரீஸ் நிறைந்த பேரிங் கொஞ்சம் கனமாகச் சுற்றுவது சரிதான், கரகரப்பு மட்டும் இருக்கக் கூடாது.

கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் பூட்டுங்கள். வாஷரின் குறுகிய பக்கம் பேரிங்கைப் பார்த்திருக்க வேண்டும், அது உள் வளையத்தை மட்டுமே தொடும். போல்ட்டின் தண்டில் கிரீஸ், மரையில் திரெட்லாக்கர். இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முதலில் கையால் திருகி, பின்பாகம் சிக்காமல் அசைகிறதா என்று பார்த்த பிறகே டார்க் ரெஞ்ச். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது போல்ட்டின் தலையிலோ பைக்கின் கையேட்டிலோ இருக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு வேறு, உத்தேசமாக இறுக்காதீர்கள். ஷாக்கைக் கடைசியில் மாட்டுங்கள்.

முதல் சவாரி முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டையும் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். அதன்பின் வாட்டர் சர்வீஸ் கடையில் பைக்கை விடாதீர்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.