மியூவான் ஜோடிகளில் புதுத் துகள் தேடுவது எப்படி

செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் திறந்த தரவுத் தளத்தில், அங்குள்ள சிஎம்எஸ் உணர்கருவி 2012-இல் பதிவுசெய்த மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) கோப்பு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. சுமார் 6.1 கோடி மோதல் நிகழ்வுகள், 2 ஜிபி சொச்சம். ரூட் (துகள் தரவை ஆராயும் மென்பொருள்) அல்லது பைத்தான் உள்ள சாதாரண லேப்டாப்பே போதும்.

சரியாக இரண்டு மியூவான், அவற்றின் மின்னூட்டம் எதிரெதிர்: இப்படிப்பட்ட நிகழ்வுகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒரே மின்னூட்டம் கொண்ட ஜோடிகளைத் தூக்கி எறிய வேண்டாம். தற்செயலாகச் சேர்ந்த ஜோடிகள் எவ்வளவு என்று ஊகிக்க அவை உதவும். ஒரு துகள் சிதைந்து ஜோடி பிறந்திருந்தால், ஜோடியின் நிறை அந்தத் துகளின் நிறையே. அதனால் ஜோடிகள் ஒரே நிறையில் குவிந்து மேடாகும். பிறகு ஜோடியின் நிறை:

நிறையின் வர்க்கம் = 2 × இரு குறுக்கு உந்தங்களின் பெருக்கல் × (காஷ் ஈட்டா வித்தியாசம் − காஸ் ஃபை வித்தியாசம்)

குறுக்கு உந்தம் என்பது மோதும் கற்றைக்குச் செங்குத்தான உந்தம். ஈட்டாவும் ஃபையும் மியூவான் பறக்கும் திசையைச் சொல்லும் அளவுகள். காஷ் என்பது ஹைபர்போலிக் கொசைன், காஸ் என்பது சாதாரண கொசைன். சில ஜிஇவிக்கு (துகள்களின் நிறை, ஆற்றல் அளக்கும் அலகு) கீழே இந்தச் சூத்திரம் பிசகும், மியூவானின் சொந்த நிறையை (0.106 ஜிஇவி) அது கணக்கில் எடுப்பதில்லை. அங்கே நான்கு-வெக்டர்களை (ஆற்றலும் மூன்று திசை உந்தமும் சேர்ந்தவை) கூட்டியே கணக்கிடுங்கள்.

எந்த நிறையில் எத்தனை ஜோடி என்று, இரு அச்சையும் லாக் அளவில் வரையுங்கள். ஏற்கெனவே தெரிந்த துகள்களின் மேடுகள் தெரியும்: 3.1 ஜிஇவியில் ஜே-சை, 9.5-இல் அப்சிலான், 91.2-இல் இசட். இவை இடம் மாறி நின்றால் உங்கள் நிரலில்தான் கோளாறு. புது இயற்பியல் அப்புறம்.

30 ஜிஇவி பக்கம் இன்னொரு மேடு தெரியும். புதியவர்கள் துள்ளிக் குதிப்பது இங்கேதான். அது துகள் அல்ல, எந்த மோதலைப் பதிவு செய்வது என்று அந்தக் கணமே முடிவு செய்யும் ட்ரிகரின் வேலை. உந்தம் குறைந்த மியூவான்களை ட்ரிகர் பதிவே செய்யாது. வரம்பைத் தாண்டியதும் எண்ணிக்கை ஏறும், பிறகு நிறை கூடக்கூட இயல்பாகச் சரியும். ஏறி இறங்கினால் மேடுதானே! சோதிப்பது எளிது: இரு மியூவானுக்கும் குறுக்கு உந்தம் 25 ஜிஇவிக்கு மேல் என்று வெட்டுங்கள். மேடு 50 பக்கம் நகரும், இசட் அசையாது.

தேடும் பகுதியை மூடிவைத்து, இருபுறத் தரவை மட்டும் கொண்டு பின்னணி (புதுத் துகள் இல்லாமலே வரும் ஜோடிகள்) வளைவைப் பொருத்துங்கள். வளைவில் உறுப்புகள் அதிகமானால் உண்மையான சிக்னலையே விழுங்கிவிடும். குறைந்தால் இல்லாத மேட்டை உண்டாக்கும். வெட்டுகளை எல்லாம் முடிவு செய்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

பின்னணியை விட 3 சிக்மா (புள்ளியியல் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) அதிகமாக வந்தால்? ஓரிடத்தில் தற்செயலாக அப்படி நேரும் வாய்ப்பு 0.135 சதவீதம். 50 இடங்களில் தேடியிருந்தால் எங்காவது ஒன்றில் வருவதற்கு 6.5 சதவீதம், அதாவது 15-இல் ஒன்று. 2015 தரவில் 750 ஜிஇவி அருகே செர்னின் இன்னொரு உணர்கருவியான அட்லஸ் கண்ட ஃபோட்டான் ஜோடி மேடு அந்த இடத்தில் 3.9 சிக்மா, தேடிய இடம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் 2.1 மட்டுமே. 2016-இல் தரவு பெருகியதும் அது காணாமல் போனது.