குறி கேட்கப் போகிற இடம் அல்ல அது

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாராவது தனியாகப் பேசினாலோ காரணமில்லாமல் அழுதாலோ, "இவள தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். சொல்கிறவர்களுக்கு அது சும்மா ஒரு பேச்சு. அங்கே மனநல மருத்துவமனை திறந்தது 1911-இல். இன்று அதன் பெயர் பஹாகியா. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். ஆனாலும் கார் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஊரின் பெயர் எங்கள் தோட்டத்துச் சனங்களுக்கு இன்னும் வசவுதான். அம்மா இறந்த பிறகு எட்டு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தேன். உதவி கேட்கவிடாமல் என்னைத் தடுத்தது அந்த ஊர்ப்பெயர்.

பிறகு ஒருவழியாகக் கவுன்சலிங் போனேன். மெல்ல மெல்லத் தேறினேன். இப்போது எங்கள் தாமானில் யாராவது கவுன்சலிங் போகலாமா என்று யோசித்தால் என்னிடம்தான் முதலில் வந்து விசாரிக்கிறார்கள். போகவும் செய்கிறார்கள். ஆனால் பலர் ஒன்று, இரண்டு தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்பதிலேயே பயம் வந்துவிடுகிறது. மனசு சரியில்லை என்று சொன்னவுடன் யாரும் உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட மாட்டார்கள். இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் போகிற அதே கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்தான் முதல் படி. குடிமக்களுக்கு 1 ரிங்கிட். பெரும்பாலும் ஒரு தாள் கொடுப்பார்கள். கடந்த ஒரு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று 21 கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் போட வேண்டும். நான் அதைப் பரீட்சைத்தாள் மாதிரி நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 0, 1 என்று போட்டேன். எண் கூடினால் அசிங்கம் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். அந்தத் தாளைப் பார்த்தவர் "நல்லாத்தானே இருக்கீங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் வீணாகப் போனது. பொய் சொன்னவள் நான். தாள் என்ன செய்யும்?

அடுத்தது மொழி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் சனங்கள் மனசின் வலியை உடம்பை வைத்துத்தான் சொல்வார்கள். "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு." "வயித்தப் பிசையுது." "தல கிர்ருங்குது." எனக்கு இவையெல்லாம் அழகான தமிழ், ஒவ்வொன்றிலும் சரியான பொருள் இருக்கிறது. ஆனால் மலாய் பேசும் இளம் டாக்டரிடம் நெஞ்சில் கல் என்று சொன்னால் அவர் இருதயத்தைத்தான் பார்ப்பார். எனக்கு இரண்டு முறை ஈசிஜி எடுத்தார்கள், ஒரு முறை கேஸ்திரிக் மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் மேல் குற்றமில்லை. நெஞ்சு கனக்கிறது என்பதோடு நிறுத்திவிட்டேன். அம்மா செத்ததிலிருந்து கனக்கிறது என்று சொல்லவில்லை. உடம்புக் கோளாறைச் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். கூடவே எந்த நாளிலிருந்து, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சோறு இறங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள். மலாய் தடுமாறினால் தமிழ் தெரிந்த ஆலோசகர் (கவுன்சலர்) இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "எனக்கு வாழவே பிடிக்கல" என்ற வாக்கியத்தைத் தாய்க்காக மலாயில் சொல்லும்படி பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கேட்கலாமா? மாமியாரையோ கணவரையோ உள்ளே உட்கார வைத்துக்கொள்வதும் வேண்டாம். அவர்கள் வெளியே காத்திருக்கட்டும்.

இனி, ஆட்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு நான் பார்த்த முக்கியமான காரணம்.

மனக்கஷ்டம் வந்தால் எங்கே போவது என்று நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், தட்டில் தட்சணை. நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். சாமி வந்தவர் அவராகவே சொல்வார்: "மூணு வருசமா வீட்டுல நிம்மதியில்ல. மேக்குத் திசையில ஒரு பொம்பளையால வந்த வினை." கேட்ட மாத்திரத்தில் மனசு லேசாகிவிடும். குற்றம் இன்னொருவர் மேல், பரிகாரம் இன்னொருவர் கையில். நானும் அந்தப் பழக்கத்தோடுதான் ஆலோசகர் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அந்த ஆலோசகர் ஒன்றுமே சொல்லவில்லை. "அம்மா போன அன்னைக்கு என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சொல்வதற்கு அவர் இருக்கிறார் என்றுதானே வந்தேன்?

மூன்றாவது சந்திப்பில்தான் என் வாயிலிருந்து அது வந்தது. அன்று இரவு நர்ஸ் "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று சொல்ல, நான் வீட்டுக்கு வந்தேன். விடிவதற்குள் அம்மா போய்விட்டார். "நான் இருந்திருந்தா அம்மா செத்திருக்க மாட்டாங்க" என்ற ஒரு வாக்கியம் எட்டு மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார் ஆலோசகர். அதன் பக்கத்தில் அந்த இரவில் மணிக்கு மணி உண்மையில் என்ன நடந்தது என்று எழுதி வரச் சொன்னார். டாக்டர் என்ன சொல்லியிருந்தார், அம்மாவின் சிறுநீரகம் எந்த நிலையில் இருந்தது, நான் எத்தனை இரவு தூங்காமல் பக்கத்தில் இருந்தேன். எழுதிப் பார்த்தபோது அந்த வாக்கியம் என் கண்ணுக்கே பொய்யாகத் தெரிந்தது.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது இதுதான். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கியது. நடந்த சம்பவம் ஒன்று, அதைப் பற்றி மனசு சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்று. இரண்டையும் பிரித்து வைத்துப் பார்க்கப் பழக்குகிறார்கள். ஒரு சந்திப்பு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு சந்திப்பாவது தேவைப்படும். நடுவில் வீட்டுப்பாடம் உண்டு. அதைச் செய்யாமல் போனால் பாதிப் பயன்தான். "அவங்க ஒண்ணுமே சொல்லல, நம்மளையே பேச வைக்கிறாங்க" என்று முகம் சுளித்துத் திரும்பி வருகிறவர்களைக் கையைப் பிடித்து மறுபடி அனுப்பத் தோன்றுகிறது எனக்கு. சில சந்திப்புகளுக்குப் பிறகு அழுகை கூடுவதும் உண்டு. அமுக்கி வைத்திருந்தது வெளியே வருகிறது. அந்த வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அழுகை கூடியிருக்கிறது என்று அடுத்த முறை அவரிடமே சொல்லுங்கள். மூன்று நான்கு முறை போயும் அவரோடு மனசு ஒட்டவில்லை என்றால் வேறு ஆலோசகரைக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

கோயிலை விடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முனீஸ்வரனுக்கு இன்றும் வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறேன். ஆலோசகரும் போகாதே என்று சொன்னதில்லை. தாயத்துக் கட்டியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறார்களே, அதுதான் ஆபத்து. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அது தூக்க மாத்திரை அல்ல. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலாம், பதற்றம் வரலாம். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

தனியாரிடம் போகிறவர்கள் ஆளைப் பார்த்துப் போங்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்றவர்தான் இந்த நாட்டில் தன்னைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயருக்குப் பின்னால் கே.பி. (K.B., பதிவு பெற்ற கவுன்சலர்), பி.ஏ. (P.A., தொழில் நடத்தும் சான்றிதழ்) என்று இருக்கும். இரண்டு நாள் தன்முனைப்புப் பயிற்சி நடத்துகிறவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் கவுன்சலர் அல்ல. மாத்திரை எழுதித் தருவது டாக்டர்களின் வேலை. மனநல மருத்துவர் என்பவர் மனநோய்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற டாக்டர்.

சின்ன ஊர், கிளினிக்கில் வேலை செய்யும் பெண் அடுத்த வீட்டுக்காரரின் மகள் என்ற கவலை எனக்கும் இருந்தது. முதல் சந்திப்பிலேயே "நான் சொல்றது யாருக்குப் போகும்?" என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டேன். பேசியது அறையைத் தாண்டாது, உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம் என்றார். நீங்களும் கேளுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தைப் போலீசுக்குப் பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அது குற்றமே அல்ல. அந்த எண்ணம் வந்தால் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனக்கஷ்டத்தைப் போனில் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555.

கடைசியாக ஒன்று, தோட்டத்து வெட்டுக்கும் ஃபேக்டரிக்கும் போகிறவர்களுக்கு. ஒரு நாள் சம்பளம் போய்விடும், மண்டோர் ஏன் எதற்கு என்று கேட்பார் என்றுதான் பலர் தேதியைத் தவறவிடுகிறார்கள். கவுண்டரில் "சிலிப் மாசா" என்ற நேரச் சீட்டைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்றுதான் அதில் எழுதுவார்கள். என்ன நோய் என்று இருக்காது.