பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, தொழிற்கல்வி குரூப்பா? முதல்முறை சேர்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மாலையே கேள்வி ஆரம்பித்துவிடும்: "என்ன குரூப் எடுக்கப் போறே?" பயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் ஆகிய மூன்றைத் தாண்டி ஒருவரும் போக மாட்டார்கள். ஐ.டி.ஐ. என்று யாராவது வாயெடுத்தால், "மார்க் அவ்வளவுதானா?" என்று குரல் தாழ்ந்துவிடும். இந்த மனப்பான்மையால் நல்ல இடங்களைத் தவறவிடுபவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எதையும் விசாரிக்காமல் ஏதோ ஒரு டிரேடில், அதாவது தொழிற்பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து "மேலே படிக்க வழியில்லையாமே" என்று திகைப்பவர்கள்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்தான் இந்தப் பதிவு. எதில் சேர்வது என்று யோசிப்பதற்கு முன், அது முடிந்ததும் எங்கே போகலாம், எங்கே போக முடியாது என்று பார்த்துவிடுங்கள். கீழே வரும் படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: என்னென்ன வழி இருக்கிறது?

முதலாவது, பள்ளியை விட்டு வெளியே போகாமலேயே படிக்கும் தொழிற்கல்வி குரூப். பதினொன்று, பன்னிரண்டில் மொழிப்பாடங்களோடு ஒரு தொழிற்பாடத்தைத் தியரியாகவும் செய்முறையாகவும் படிப்பீர்கள். அடிப்படை மின் பொறியியல், அடிப்படை இயந்திரவியல், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை, நர்சிங் என்று பிரிவுகள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் கிடைக்காது. உங்கள் ஊர்ப் பள்ளியில் இல்லையென்றால் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். ஒரு வருட டிரேடும் உண்டு, இரண்டு வருட டிரேடும் உண்டு. வெல்டர், பிளம்பர், கோபா எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆகியவை ஒரு வருடம். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் வாகன மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக் ஆகியவை இரண்டு வருடம். 14 வயது முடிந்திருந்தால் போதும். பத்தாம் வகுப்பில் தேறாதவர்களுக்கும் இடம் இருக்கிறது: வெல்டர், வயர்மேன் போன்ற சில டிரேடுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி.

மூன்றாவது, பாலிடெக்னிக். மூன்று வருட டிப்ளமோ. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்று பொறியியல் கல்லூரியில் இருக்கும் பிரிவுகள்தான். ஆழம் கொஞ்சம் குறைவு, கைவேலை கொஞ்சம் கூடுதல்.

மாநில அரசின் விண்ணப்பத்தில் வராததால் பலர் கண்ணில் படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்திலும் அதற்கான அச்சு தயாரிப்பிலும் மூன்று வருட டிப்ளமோ நடத்துகிறார்கள். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு, தனி விண்ணப்பம்.

படி 2: கடைசியிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்

ஒரு தாளை எடுத்து, இருபத்திரண்டு வயதில் என்னவாக இருக்க ஆசை என்று மேலே எழுதுங்கள். அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

பி.இ. பட்டம் வேண்டும் என்று எழுதியிருந்தால், இரண்டு பாதை. பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம். இல்லையென்றால் டிப்ளமோ மூன்று வருடம், அதன்பின் லேட்டரல் என்ட்ரி மூலம் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டு, அதாவது இன்னும் மூன்று வருடம். கூட்டிப் பாருங்கள், இரண்டுமே ஆறு வருடம்தான். "பாலிடெக்னிக் போனால் ஒரு வருடம் வீண்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள். டிப்ளமோவில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நடுவில் வீட்டுச் சூழ்நிலை மாறினாலும் மூன்றாவது வருட முடிவில் வேலைக்குப் போகும் தகுதி கையில் இருக்கும். வெறும் பிளஸ் டூ அதைத் தராது.

ஆனால் அரசுப் பள்ளி மாணவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பத்தோடு பள்ளியை விட்டு வெளியேறினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். கணிதமும் அறிவியலும் நன்றாக வருகிறது, பி.இ.தான் இலக்கு என்றால் பள்ளியிலேயே தொடர்வது லாபம் என்பது என் கருத்து. தொழிற்கல்வி குரூப் படித்தவர்களுக்கும் பொறியியல் கலந்தாய்வில் தனிப் பிரிவு உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் ஐ.டி.ஐ. ரயில்வேயின் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வு, இஸ்ரோவின் டெக்னீஷியன் பணி, மின்வாரியத்தின் கள உதவியாளர் பணி ஆகிய மூன்றுக்குமே ஐ.டி.ஐ. சான்றிதழ் உதவும். டிரேடுதான் பணிக்குப் பணி மாறும். கள உதவியாளருக்கு எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற மின் டிரேடுதான் வேண்டும். ஃபிட்டர் படித்துவிட்டு அங்கே போய் நிற்க முடியாது.

ஒரு வருட டிரேடா, இரண்டு வருட டிரேடா என்று குழப்பம் வந்தால், மேலே படிக்கும் எண்ணம் ஒரு துளி இருந்தாலும் இரண்டு வருடத்தை எடுங்கள். பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அப்படியே போனால் ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று என்று ஏழு வருடத்தில் பட்டம். நேர்வழியைவிட ஒரு வருடம்தான் கூடுதல். ஒரு வருட வெல்டர் படிப்பிலிருந்து இந்த ஏணியில் ஏற முடியாது. வெல்டர் மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல வெல்டருக்கு வேலை தேடி வரும். பாதை வேறு, அவ்வளவுதான்.

நர்ஸ் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கை. பிளஸ் டூவில் நர்சிங் தொழிற்பிரிவு படித்தாலே நர்ஸ் ஆகிவிட முடியாது. அதன்பின் மூன்று வருட டிப்ளமோ நர்சிங்கோ பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்துப் பதிவு செய்தால்தான் நர்ஸ்.

படி 3: பட்டறைக்குள் போய்ப் பாருங்கள்

இணையத்தில் பார்த்துவிட்டு டிரேடைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு வேலைநாளில் பெற்றோரோடு போய், பட்டறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஃபிட்டர் டிரேடை எடுத்துக்கொள்வோம். சேர்ந்த புதிதில் பெரிய மெஷின் எதையும் தொட விட மாட்டார்கள். கையில் ஒரு தட்டை அரமும், வைஸ் என்ற இறுக்கியில் பிடித்த ஒரு இரும்புத் துண்டும்தான். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னே இழுக்கும்போது அழுத்தாமல் அராவ வேண்டும். கொஞ்சம் அராவியதும் செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். இடையில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் பரப்பு சமமில்லை, மறுபடி அராவு. நாள் முழுக்க நின்றபடி இதைச் செய்ய வேண்டும். உள்ளங்கை காய்த்துப் போகும். இந்த வேலையைப் பார்த்ததும் "நானும் செய்து பார்க்கட்டுமா?" என்று கை துறுதுறுத்தால் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் உங்களுக்கானவை. அலுப்பாகத் தெரிந்தால், அதை ஒளிக்காமல் வீட்டில் சொல்லிவிட்டு வேறு டிரேடைப் பாருங்கள்.

பாலிடெக்னிக்கில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே முதலாண்டில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வரும். கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் வரும். தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்கள் பலர் முதல் செமஸ்டரிலேயே கணிதத்தில் அரியர் வைப்பதற்கு அறிவுக் குறைவு காரணமல்ல, இந்தத் திடீர் மாற்றம்தான். கோடை விடுமுறையிலேயே பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் ஆங்கிலச் சொற்களோடு ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

போன இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த டிரேடுக்கு நிரந்தரப் பயிற்றுநர் இருக்கிறாரா? இருக்கும் மெஷின்களில் எத்தனை ஓடுகிறது? போன வருடம் எந்தெந்தக் கம்பெனி ஆள் எடுக்க வந்தது? அலுவலகத்தில் கேட்பதைவிட, டீக்கடையில் நிற்கும் இரண்டாம் ஆண்டு அண்ணன்களிடம் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்), மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய டிரேடுகள் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: அங்கீகாரம்

தனியார் நிறுவனம் என்றால் இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஐ.டி.ஐ.க்கு என்.சி.வி.டி. எனப்படும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும், இப்போது அந்தப் பொறுப்பு என்.சி.வி.இ.டி. அமைப்பிடம் இருக்கிறது. அங்கீகாரம் டிரேடு வாரியாகத் தரப்படுவது. ஆகவே "எங்களுக்கு அங்கீகாரம் இருக்கு" என்ற பதில் போதாது, "இந்த டிரேடுக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். மத்திய அரசு வேலைகளுக்குக் கேட்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் அங்கிருந்துதான் வரும். பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஒப்புதலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணைப்பும் வேண்டும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் "ஆறு மாத டிப்ளமோ" இதில் எதிலும் சேராது.

படி 5: சான்றிதழ்கள்

மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். சாதி, வருமானச் சான்றிதழ்களை ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு கூட்டம் மொய்க்கும். மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஒரு தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறியிருந்தால்கூட உதவித்தொகை வரும்போது இழுத்தடிக்கும்.

படி 6: விண்ணப்பம்

ஐ.டி.ஐ.க்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளம், பாலிடெக்னிக்குக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளம். இரண்டும் ரிசல்ட்டை ஒட்டித் திறக்கும். இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பதில் தப்பில்லை. வீட்டில் கணினி இல்லாதவர்கள் அரசு ஐ.டி.ஐ.க்கே நேரில் போனால் அங்குள்ள உதவி மையத்தில் பதிவு செய்து தருவார்கள்.

விருப்ப வரிசையை நிரப்பும்போது டிரேடு முதலில், நிலையம் அடுத்து என்று யோசியுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகப் பிடிக்காத டிரேடை மேலே போடாதீர்கள். தனியார் ஐ.டி.ஐ.க்களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, அவற்றையும் வரிசையில் சேருங்கள். கலந்தாய்வில் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை அறிவிப்பு வரும், செய்தித்தாளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

படி 7: செலவும் உதவியும்

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், மிதிவண்டி, சீருடை, காலணி, புத்தகம், வரைபடக் கருவிகள் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு அதே தொகை 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில். ஐ.டி.ஐ., டிப்ளமோ இரண்டும் இதில் அடங்கும். பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருவதால், ஆதார் இணைத்த கணக்கு ஒன்றைச் சேரும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

படி 8: சேர்ந்த பிறகு மறக்கக்கூடாத இரண்டு

ஒன்று, மொழித்தேர்வு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். எட்டாம் வகுப்போடு வந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு இணைச்சான்றுக்கு இதே போன்ற வழி உண்டு. பயிற்சி சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுங்கள். வேலைக்குப் போய்விட்டால் புத்தகத்தைத் தொட மனம் வராது.

இரண்டு, அப்ரென்டிஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் சேர்ந்து வேலை பழகுவது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பெல் (கொதிகலன் ஆலை), நெய்வேலி என்.எல்.சி. (நிலக்கரி நிறுவனம்) ஆகியவை ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பழகுநர்களாக எடுக்கின்றன, ஐ.சி.எஃப்.பில் பத்தாம் வகுப்பு முடித்த புதியவர்களுக்கும் தனி இடங்கள் உண்டு. உதவித்தொகையோடு பழகி, முடிவில் தேர்வெழுதினால் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். ஐ.டி.ஐ. கடைசித் தேர்வு முடிந்த வாரத்திலேயே மத்திய அரசின் அப்ரென்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கான தனித் திட்டத்தைத் தென் மாநிலங்களில் தரமணியில் உள்ள பயிற்சி வாரியம் பார்த்துக்கொள்கிறது.