காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள்: இராமநாதபுரம் கரையில் குடும்பத்தோடு ஒரு பகல்

இராமநாதபுரம் பக்கம் குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போய் வரலாம் என்று முடிவானதும், எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் வீட்டில் பேச்சு தொடங்கும். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது, இப்போது எந்தக் காற்று அடிக்கிறது என்பது. இந்த மாவட்டத்துக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் நிலத்துக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பாக் விரிகுடா. கரையில் இருப்பவர்கள் இவற்றைத் தென்கடல், வடகடல் என்பார்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும்.

இதை நான் தெரிந்துகொண்டது பட்டுத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பகல் பதினொரு மணிக்குத் தனுஷ்கோடியில் போய் இறங்கினேன். காற்றில் பறந்த மணல் கெண்டைக்காலில் ஊசியாய்க் குத்தியது. சின்னவள் கண்ணைத் திறக்க மாட்டேன் என்று அழுதாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணே, கச்சான் அடிக்கிற மாசத்துல பிள்ளைகளத் தென்கடலுக்குக் கூட்டிட்டு வரலாமா? வடகடலுக்குப் போங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சிப்புளி அருகே உள்ள அரியமான் கடற்கரைக்குப் போனோம். காற்று அதே காற்றுதான். ஆனால் கடல் வேறு கடல். பிள்ளைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் உச்சிப்பொழுது வரை விளையாடினார்கள், அம்மா சவுக்குத் தோப்பு நிழலில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்துத் தூங்கினார்.

ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால் தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களே இதற்கு மிகவும் உகந்தவை. மழை ஓய்ந்திருக்கும், கண்மாய்களில் தண்ணீர் இருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. சித்திரைக்குப் பிறகு போவதானால் விடியற்காலையில் கிளம்பி ஒன்பதரை மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அது எந்த எண் கூண்டாக இருந்தாலும், பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

காற்றுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, உங்கள் கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்பது. முழங்கால் வலியுள்ள மாமியாரோ மூன்று வயதுப் பேரனோ எவ்வளவு நேரம் நடப்பார்களோ, அதுவே அன்றைய நடையின் நீளம். காலையில் ஓர் இடம், வெயில் தாழ்ந்த பிறகு விருப்பமிருந்தால் இன்னோர் இடம் என்பதற்கு மேல் திட்டமிட வேண்டாம். ஒரே நாளில் கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம், பாம்பன் பாலம், திரும்பும் வழியில் தேவிபட்டினம் என்று அடுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் வண்டியில் ஏறுவதையும் இறங்குவதையும்தான் அதிகம் செய்கிறார்கள்.

முதன்முதலாகக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது கடலையே அல்ல, கண்மாயை. இராமநாதபுரம் நகரத்தை ஒட்டியே இருக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய் ஒரு பறவைகள் சரணாலயம். 2025ஆம் ஆண்டில் இதுவும் இதே மாவட்டத்தின் தேர்த்தங்கல் சரணாலயமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. முதுகுளத்தூர்ப் பக்கமுள்ள சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. காலை ஆறரை மணிக்குக் கரையில் ஏறி, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களின் உச்சியில் கூடுகள் தெரியும். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் நரியும் பூனையும் நெருங்க முடியாது என்பதனாலேயே பறவைகள் அந்த மரங்களைத் தேடி வருகின்றன. மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஆண்டில் அவை கூடு கட்டுவதில்லை.

பறவைகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்வது பள்ளிக்கூடம்போல் ஆகிவிடும். ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கூழைக்கடா தாய் வந்து இறங்கியதும் குஞ்சு தன் தலையையே தாயின் அலகுப் பைக்குள் நுழைத்து மீனை எடுப்பதை ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை, அதன் பிறகு உங்கள் கைப்பேசியைக் கேட்காது. மஞ்சள்மூக்கு நாரையின் வாலருகே ஓடும் இளஞ்சிவப்பையும், கரண்டிவாயன் தண்ணீரை இடமும் வலமுமாக அலசி இரை தேடுவதையும் காண்பதற்கு எளிய பைனாகுலர் ஒன்று போதும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம். கைதட்டிப் பறவைகளைக் கிளப்ப வேண்டாம். செருப்பு மட்டும் தடித்த அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும், சீமைக் கருவேல முள் மெல்லிய ரப்பரை ஊடுருவிக் காலுக்கு வந்துவிடும்.

படகுப் பயணம் விரும்புகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்தைத் தாண்டி வடக்கே காரங்காடு வரை போகலாம். அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு நடத்துகிறார்கள். இருபுறமும் பச்சைச் சுவர்போல நிற்கும் மரங்களுக்கு நடுவே கால்வாய் குறுகிக்கொண்டே போகும். கரைச் சேற்றில் ஆயிரக்கணக்கான பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல் சுவாச வேர்கள் நிமிர்ந்து நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. படகு கிளை ஓரமாக நிற்கும்போது ஓர் இலையைப் பறிக்காமலே விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பின் ஒரு பகுதியை இலை வழியே மரம் வெளியே தள்ளிவிடுகிறது. என் மகள் அன்று மூன்று மரங்களின் இலைகளைத் தடவிப் பார்த்து, எது அதிகம் கரிக்கிறது என்று படகுக்காரரிடமே வாதாடிக்கொண்டு வந்தாள். பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும் வனத்துறைப் படகு உண்டு. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று அது. அனுமதியில்லாத தனியார் படகில் ஏறி எந்தத் தீவுக்கும் போகக் கூடாது. இரண்டு இடங்களிலும் காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால், முந்தைய நாளே கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

இனித் தனுஷ்கோடி. எல்லோரும் போகும் இடம்தான் என்றாலும், பெரும்பாலோர் சாலை முடியும் அரிச்சல்முனையில் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுகிறார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயலில் ஊரும் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அழிந்த கதையை, இடிந்த தேவாலயத்தின் முன் நின்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல் வேறு யாராலும் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. எனவே வண்டியைத் தேவாலயத்தின் அருகிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து மெல்ல நடக்கத் தொடங்குங்கள். சுவர்க் கற்களை அருகில் போய்ப் பார்த்தால் பவளத்தின் புழைகள் தெரியும்.

மணல்மேட்டில் இரண்டு செடிகளைக் காட்டுங்கள். குளம்புபோல் இரண்டாகப் பிளந்த இலையும் ஊதா நிறப் பூவுமாகப் படர்வது அடம்பங்கொடி. ஊசி ஊசியாக நிற்கும் புல் ராவணன் மீசை. அதன் விதைக்கொத்து முள்பந்துபோல் இருக்கும். முற்றிய பிறகு தண்டிலிருந்து கழன்று, காற்றோடு மணல்மேல் குதித்துக் குதித்து உருண்டு போகும். அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிடச் சிறந்த விளையாட்டு அந்தக் கரையில் கிடையாது. இந்த இரண்டு செடிகளும் வேரால் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஆகவே மிதித்துச் சிதைக்காமல் ஓரமாக நடக்க வேண்டும்.

குடிசைகளுக்கு அருகே பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வடித்துக் குடத்தில் ஊற்றுவதைப் பார்க்க வாய்த்தால் சற்று நின்று பாருங்கள். இருபுறமும் கடல் இருக்க, நடுவே நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலேறிவிடும் என்பது அங்கே சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். பார்க்கும்போது அவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள், ஊற்றில் கால் வைக்காதீர்கள்.

தை, மாசியில் சாலையோரத்துக் களப்புகளில் பூநாரைகள் நிற்கும். தமிழ்நாடு அரசு 2025இல் இங்கே 'பெரிய பூநாரை' இனத்துக்கான சரணாலயத்தை அறிவித்தது. அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்துச் சேற்றை வடிகட்டி உண்ணும் பறவை அது; இரை தேடும் நேரத்தில் அதைப் பறக்க வைப்பது, தூரம் கடந்து வந்த விருந்தாளியைப் பந்தியிலிருந்து எழுப்புவதற்குச் சமம். சாலையிலிருந்து இறங்காமலே பார்க்கலாம். மாலையில் சோதனைச் சாவடியில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புவதே வசதி.

நடக்கவே இயலாத பெரியவர்களுக்கு ரயிலைச் சொல்வேன். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் வழியே இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் வரை சன்னலோரம் உட்கார்ந்து போய் வந்தாலே அவர்களுக்கு ஒரு பயணம் ஆகிவிடும். 1914இல் திறந்த பழைய பாலத்தின் பக்கத்திலேயே கட்டியது அது. போகும்போது வடக்குப் பக்கம், திரும்பும்போது தெற்குப் பக்கம் உட்கார்ந்தால் இரண்டு கடலையும் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நல்லது. புளிச்சோறும் அவித்த முட்டையும் மதியம் வரை கெடாது. தை மாதமானால் அவித்த பனங்கிழங்கு, கோடையானால் வழியில் நுங்கும் பதநீரும். தண்ணீரைத்தான் மறக்கக் கூடாது: கரையோரத்து நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு, ஆகவே ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று கணக்கிட்டுக் கேனில் எடுத்துச் செல்லுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்தான் சோற்றில் மணல் விழாது. மீன் உண்ண விரும்பினால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதையும், அப்போது விலை ஏறியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழக்கரை வழியாகத் திரும்புகிறவர்கள் அவ்வூர் இனிப்பான தொதல் வாங்காமல் வருவது வீட்டாருக்குச் செய்யும் துரோகம்.

கடலில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாக இருங்கள். அரிச்சல்முனையில் இரு கடல்களின் நீரோட்டமும் மோதும். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் திடீரென்று கூடும். அங்கே கால் நனைக்கவும் வேண்டாம். அரியமானில் இறங்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நகர்ந்தால், மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீரையும் ஊற்றாமல், கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அந்தக் கரையில் நாடா நாடாவாக ஒதுங்கிக் கிடப்பது குப்பையல்ல, கடற்புல். இங்கே ஆவுளியா என்று சொல்லும் கடல் பசு மேய்வது அதைத்தான்.

கிளம்பும்போது கொண்டுவந்த பொருள்களைச் சரிபார்ப்பதோடு பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளையும் ஒருமுறை பாருங்கள். பவளம், கடற்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. செத்துக் கரையொதுங்கிய பவளத் துண்டை எடுத்துச் செல்வதும் குற்றமே. சாதாரணச் சிப்பிதானே என்று நானும் ஒருமுறை பார்க்காமல் விட்டுவிட்டேன். அன்று இரவு அடுப்படி மேடையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டால், மகன் கொண்டுவந்து வைத்த சங்கு உப்பு டப்பாவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. உள்ளே துறவி நண்டு. விடிந்ததும் அவனைப் பைக்கின் முன்னால் உட்காரவைத்து, நனைந்த துணியில் சுற்றிய நண்டை அவன் மடியில் வைத்து, எடுத்த கரையிலேயே கொண்டுபோய் விட்டோம். அது தண்ணீர் ஓரத்தை அடையும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவன் வந்தான். அன்று பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதம்.